நட்சத்திரம் காணாமல் போன ஒன்பது நாட்கள்

உங்கள் அறையை நேற்று எட்டிப் பார்த்தேன். ஏழு மேசைகள், ஏழு மடிக்கணினிகள், ஒரு தண்ணீர்க் கேன், சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் காலத்தில் அது திறக்காது. பழைய மானிட்டர்களை அதன் முன்னால் அடுக்கி வைத்திருந்தோம். கடல் காற்று அவற்றின் முதுகில் மோதிவிட்டுத் திரும்பிப் போகும். கடலூரில் இத்தனை வருடம் வேலை பார்த்தும், அலுவலக நேரத்தில் கடல் காற்று படாமலே தலை நரைத்தவள் நான்.

போன மாதத்தோடு இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து விலகிவிட்டேன். "அம்பத்திரண்டு வயசுல யாராச்சும் ரிடையர் ஆவாங்களா மேடம்?" என்று உங்களில் ஒரு பெண் கேட்டாள். ஆவார்கள். ஒரே நாற்காலியில் ஒரு முழு வருடம் உட்கார்ந்தால் கால் அரிக்கும் ரகம் நான். கடலூர், புதுச்சேரி, சென்னை, மறுபடி கடலூர் என்று அலைந்து, எந்த ஊரிலும் வாடகை வீட்டுச் சுவரில் இரண்டாவது ஆணி அடித்ததில்லை. இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

விலகினாலும் ஒரு தடவை வந்து பிள்ளைகளிடம் ஏதாவது பேசிவிட்டுப் போங்கள் என்றார்கள். எனக்குப் பேச்சு வழுக்கும். எழுத்து கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கும்போது படியுங்கள், ஆறினாலும் பரவாயில்லை.

உங்களில் இன்னொருவர் கேட்டது இது: "ஒரே மெஷின்ல எதுக்கு மேடம் மூணு பைத்தான் வெர்ஷன்? பழச அழிச்சிட்டா எடமாவது மிச்சமாவும்ல?"

நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதில் சிதம்பரத்தில் தொடங்கி, ஆலப்பாக்கம் தாண்டி, இங்கே ஒரு பிரசவ வார்டில் போய் முடிகிறது. காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது.

நாங்கள் தொடங்கிய காலத்தில் வெர்ஷன் என்பது கையில் தூக்கிப் போகிற பொருள். குறுந்தகடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே மார்க்கர் பேனாவால் எண் எழுதி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். பண்ருட்டி முந்திரி மண்டிக்கு ஒரு எண், சேத்தியாத்தோப்பு உரக்கடைக்கு ஒரு எண். மண்டியில் வேலை முடிந்து திரும்பும்போது பலாச்சுளையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். டப்பாவுக்குப் பக்கத்தில் அது உட்காரும். கடலூர் வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் என் மடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறுந்தகட்டைத் தூக்கிப் பார்த்தாலே எது பழசு, எது புதுசு என்று கைக்குத் தெரியும். பழசில் கீறல் ஜாஸ்தி. இப்போது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கீறல் எங்கே விழுகிறது என்பதும் தெரிவதில்லை.

நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அதனால் அந்தப் பிள்ளைக்கு வேறு ஒரு கூப்பிடு பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். மரியாதைக்காக வந்த வழக்கம் என்பார்கள். எனக்கு அதில் ஒரு முன்ஜாக்கிரதையும் தெரியும். ஒரே பெயரில் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால், கூப்பிட்டதும் யார் எழுந்து வருவார் என்று கூப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியிலும் அப்படி ஒரே பெயரில் இரண்டு பேர்: பழைய வெர்ஷன் பெரியவர், புது வெர்ஷன் சின்னவர். பெரியவருக்கு எழுதிய புரோகிராமைச் சின்னவரிடம் கொடுத்தால், பாதி இடத்தில் "புரியவில்லை" என்று கத்திவிடுவார். கத்தினால் பிழைத்தோம். கத்தாமல் வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் படித்துவிட்டுப் போகிற இடங்களும் உண்டு. அப்படி ஓர் இடத்தில்தான் நான் காலை வைத்தேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே லேப்பின் உள் அறையில் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் வெளி அறைக் கம்ப்யூட்டருக்கு வரும். இயந்திரம் சொல்வதைக் கேட்டு ரிப்போர்ட் அச்சடிக்கிற சின்ன புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது. எனக்கு முன்னால் இங்கே இருந்த ஒருவர் பெரியவருக்காக எழுதிய புரோகிராம். பல வருடமாக ஒரு நாள்கூடத் தும்மியதில்லை.

அந்த இயந்திரத்திடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தான் எண்ணியதில் தனக்கே சந்தேகம் வந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியை அனுப்பும். 'எனக்கே நிச்சயமில்லை, நீங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். புரோகிராம் அந்த நட்சத்திரத்தைக் கண்டால், தாளின் தலையில் பெரிய எழுத்தில் 'கண்ணால் சரிபார்க்கவும்' என்று அடிக்கும். இத்தனை மனிதர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். தன் சந்தேகத்தைத் தானே எழுதிக் கொடுக்கிற பெருந்தன்மையை அந்த இரும்புப் பெட்டியிடம்தான் பார்த்தேன்.

ஐப்பசி மழை. அதே கம்ப்யூட்டரில் மருந்தகத்துக்கான டோக்கன் புரோகிராம் ஒன்றைப் போடப் போயிருந்தேன். புதிய புரோகிராம்; சின்னவருக்காக எழுதியது. அதில் பதினோரு துண்டுகள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் சின்னவரின் முழுப்பெயரை, வெர்ஷன் எண்ணோடு, எழுதியாக வேண்டும். மூன்று முடித்திருந்தேன். வெளியே கோபுரம் தெரியாத அளவுக்கு மழை. மாலை பாசஞ்சர் ரயிலை விட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டு வரவேண்டும்.

மீதி எட்டையும் எழுதவில்லை. ஒரே இடத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். இனி இந்தக் கம்ப்யூட்டரில் யார் 'பைத்தான்' என்று கூப்பிட்டாலும் சின்னவரே எழுந்து வரட்டும்.

சோதிக்காமல் வந்துவிடவில்லை. லேப்பில் ஒரு ரத்த ட்யூபை ஓட்டச் சொல்லி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். எண்கள் இயந்திரத்தில் இருந்தபடியே தாளிலும் வந்தன. ஆரோக்கியமான யாரோ ஒருவரின் ரத்தம். நட்சத்திரம் இல்லாத ரத்தம். நல்ல பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, வகுப்பே நன்றாகப் படிக்கிறது என்று எழுதிக் கொடுத்த இன்ஸ்பெக்டர் மாதிரி பையை மூடினேன்.

ரயில் கிடைத்தது. ஜன்னலோரமும் கிடைத்தது. கிள்ளை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது மழை விட்டு, ஆறு முழுக்கச் செம்புத் தகடாகக் கிடந்தது. முகத்துவாரம் பக்கம் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பரங்கிப்பேட்டையில் ஒரு அம்மாள் கூடையோடு ஏறினார். பெட்டி முழுக்க ஈரமும் மீனும் மணத்தது. அந்தப் பயணத்தை வெறுக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. என் தொழில் வாழ்க்கையின் மிக மோசமான காரியத்தைச் செய்துவிட்டு, அதன் மிக அழகான சாயங்காலத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அந்த லேப்பின் டெக்னீஷியன் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர், காடாம்புலியூர்க்காரர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு ட்யூப் முடிந்ததும் உள் அறைக்குப் போய், குனிந்து, இயந்திரத்தின் உள்ளங்கை அகலத் திரையைப் பார்ப்பார். பிறகு வெளியே வந்து, அச்சான தாளில் பென்சிலால் ஒரு கீற்று போடுவார். ஒரு நாளைக்கு எண்பது ட்யூப் என்றால் எண்பது தடவை குனிவார். "கம்ப்யூட்டரு மேல ஒங்களுக்கு அப்டி என்னா கோவம்?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். "கோவம் இல்லக்கா. மெஷினு நேர்ல பாத்தது. ஒங்க கம்ப்யூட்டரு காதால கேட்டது. நா யாரக் கேப்பேன்?" என்பார்.

நான் மாற்றம் செய்த மறுநாளிலிருந்து அவர் விடுப்பில் இருந்தார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவருக்குப் பதிலாக வந்தவர் தாளை நம்பினார். ஏன் நம்பக் கூடாது? தாள் சுத்தமாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, பத்தாம் நாள் காலையில் எனக்கு போன் வந்தது.

"அக்கா, ஒரு நிமிசம். நா ஊர்ல இல்லாதப்ப நம்ம லேப் புரோகிராமுல ஏதாச்சும் கைய வச்சீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"பிரசவத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. மொதப் புள்ளையும் ஆபரேஷன், இதுவும் ஆபரேஷன்தான். பிளேட்லெட்டு பதினெட்டாயிரம்னு பேப்பரு சொல்லுது. மெஷினு தெரையில பக்கத்துல ஸ்டாரு இருக்கு. பேப்பர்ல ஸ்டாரு இல்ல, சரிபாக்கச் சொல்லியும் வரல."

பிளேட்லெட் உங்களுக்குத் தெரியும். டெங்கு சமயத்தில் ஊரே பேசுகிற எண். ரத்தத்தை உறையவைப்பது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது பதினெட்டாயிரம் என்றால், கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. எந்த டாக்டரும் தொட மாட்டார்.

"நான் அந்தப் புரோகிராம தொடவே இல்லம்மா," என்றேன். "தெரை பழசுதான, அதுல ஏதாச்சும் கோளாறா இருக்கும்."

"சரிக்கா. ஸ்லைடு போட்டுப் பாத்துடுறேன் எதுக்கும்."

சொன்னது உண்மை. அந்தப் புரோகிராமின் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருப்பேன். அந்த உண்மை என்ன செய்தது என்று கேளுங்கள். டாக்டர், ஸ்லைடு முடியும்வரை காத்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்து, சாயம் ஊற்றி, காயவைத்துப் பார்க்க அரை மணிக்கு மேல் ஆகும். வயிற்றில் குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர் கம்பெனியில என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "அவங்க ஒண்ணும் மாத்தலையாம், தெரை கோளாறா இருக்கும்ங்கறாங்க," என்று டெக்னீஷியன் சொன்னார். டாக்டர் தாளை நம்பினார். புதுச்சேரியில் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டு ஆபரேஷன் செய்யட்டும் என்று ஆம்புலன்ஸை அனுப்பினார்.

நான் டீ குடித்தேன். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு போனுக்குப் பதில் சொன்னேன். ஆனால் 'தொடவே இல்ல' என்ற சொல் பல்லில் சிக்கிய நாராக உள்ளேயே கிடந்தது. நாக்கு அங்கேயே போகிறது. கேட்டது தொட்டாயா என்று இல்லை. கைய வச்சியா என்று. அந்தக் கம்ப்யூட்டரில் கைவைத்தேனே.

இங்கிருந்தே சிதம்பரத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'பைத்தான்' என்று கூப்பிட்டேன். சின்னவர் எழுந்து வந்தார்.

லேப் புரோகிராமில் நட்சத்திரத்தைத் தேடும் வரியைப் போய்ப் பார்த்தேன். ஒயர் வழியே வருகிற செய்தியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்த்து, 'அங்கே நட்சத்திரமா?' என்று கேட்கிற வரி. பெரியவருக்கு அந்த இடத்தில் இருப்பது ஒரு எழுத்து. சின்னவர் அதையே ஒரு எண்ணாகப் படிக்கிறார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு; நட்சத்திரம் அவருக்கு நாற்பத்திரண்டு. 'நாற்பத்திரண்டும் நட்சத்திரமும் ஒன்றா?' என்றால், இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். மற்ற எண்களையெல்லாம் சரியாகவே படிக்கிறார். ஒன்பது நாளாக அந்த இயந்திரம் தன் சந்தேகத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. என் ஏற்பாட்டில் அது வழியிலேயே வாய் பொத்தப்பட்டிருக்கிறது.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள், ஏனென்றால் நீங்களும் செய்வீர்கள். போனை எடுக்கவில்லை. முதலில் சரி செய்தேன். பெரியவரைப் பழைய இடத்தில் உட்காரவைக்க ஒரு வரி போதும். விரல்கள் தாமாகவே அடித்தன. அடித்து முடித்ததும் உள்ளே ஒரு குரல், மிகப் பிரியமான குரல்: 'இன்னொரு தடவை பிரிண்ட் எடுத்துப் பாருங்கம்மான்னு சொல்லு. ஸ்டார் வந்துடும். ஏதோ மெஷின் கோளாறுன்னு போயிடும். யாருக்கு என்ன நஷ்டம்?' அந்தக் குரலோடு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பிறகுதான் தெரிந்தது.

போன் செய்தேன்.

"நான்தாம்மா. நான்தான் செஞ்சேன். புரோகிராம தொடல, அது நிக்கிற தரைய மாத்திட்டேன். மெஷினு அனுப்புன ஸ்டார எங்க கம்ப்யூட்டர்தான் முழுங்கிடுச்சு. நீங்க பாத்ததுதான் சரி."

அந்தப் பக்கத்திலிருந்து, "இப்பத்தாங்க்கா லென்சுல வச்சேன். கொத்து கொத்தா இருக்கு, திராட்சையாட்டம்."

"அப்டின்னா?"

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. சில பேரு ரத்தம், ஊதா மூடி ட்யூபுல இருக்கிற மருந்து பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கொத்த மெஷினு ஒண்ணுன்னு எண்ணிடும். அதுக்குத்தான ஸ்டாரு போடுது." குரல் தாழ்ந்தது. "வண்டி போயிடுச்சுக்கா."

டாக்டர் போனை வாங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட நேரமில்லாத குரல்.

"ஸ்லைடும் சொல்லுது, நீங்களும் சொல்றீங்க. போதும். டிரைவர்கிட்ட பேசிட்டேன், ஆலப்பாக்கம் தாண்டிட்டாங்க. திரும்பி வர்றத விட கடலூர் கிட்ட. அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க, தியேட்டர் ரெடி பண்ணச் சொல்றேன். ஆனா அவங்க ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாக்காம தொட மாட்டாங்க. ஊதா ட்யூபுல எடுத்தா அங்கயும் அதே பதினெட்டாயிரம்தான் வரும். நீங்க கடலூர்லதான இருக்கீங்க?"

"ஆமா."

"லேப்லேர்ந்து கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வருது. பிரிண்ட் எடுத்துகிட்டு அங்க போய் நில்லுங்க. போன்ல நா சொல்றது ஒருத்தர் காதுலேர்ந்து இன்னொருத்தர் காதுக்குப் போறதுக்குள்ள மாறிடும். நீல மூடி ட்யூப், அதுல மருந்து வேற, ஒட்டாது. நீல மூடி. ஞாபகம் வச்சுக்குங்க."

அப்போது இங்கே பாபு என்று ஒருவன் இருந்தான். முப்பது வயது, யாரைப் பார்த்தாலும் மச்சான், என்னை மட்டும் மேடம். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் வண்டியில் ஏறினேன். மழை முகத்தில் குத்தியது. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது அவன் திரும்பாமலே கத்தினான்: "ஹெல்மெட் பட்டிய போடுங்க மேடம்! நீங்க வேற தனி கேசா ஆவாதீங்க!"

ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. பெண்ணை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரத்தம் எடுக்கிறவர் கையில் ஊதா மூடி ட்யூபோடு நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"அதுல வேணாங்க. நீல மூடியில எடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கையில் பிளாஸ்டிக் உறை.

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"நர்ஸா?"

"இல்ல."

"சொந்தக்காரங்களா?"

"இல்லங்க."

"பின்ன யாரும்மா நீங்க?"

"தப்பு பண்ணவ," என்றேன். "தாளப் படிங்க, தயவுசெஞ்சு."

படித்தார். நீல மூடியில் எடுத்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் இருந்தது.

உங்களைக் காக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பெண் குழந்தை.

ஒன்பது நாள் தாள்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மறுநாள் நானும் டெக்னீஷியனும் இயந்திரத்தின் நினைவிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டாக எடுத்துத் தாளோடு ஒப்பிட்டோம். நான்கு நட்சத்திரங்கள் காணாமல் போயிருந்தன. மூன்று பேருக்கு வேறு காரணத்தால் மறுபரிசோதனை நடந்திருந்ததால் தப்பித்தார்கள். ஒரு முதியவருக்குத் தேவையே இல்லாமல் பிளேட்லெட் ஏற்றியிருந்தார்கள். அவர் வீட்டு வாசலில் அவருடைய மகன் அரை மணி நேரம் என்னைத் திட்டினார். குடையை மடக்கிக்கொண்டு நின்று கேட்டேன். அதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்று உங்கள் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அறை, அந்த அறைக்குள் அதற்கான வெர்ஷன், கூப்பிடும்போது முழுப்பெயர் என்று இருக்கிறதே, அது அந்த மழைக்குப் பிறகு வந்தது. சோதிக்கும்போது நட்சத்திரம் உள்ள ட்யூபையும் ஓட்டிப் பார் என்பதும் அப்போது வந்ததுதான். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. 'ஏதாவது கைவைத்தாயா?' என்று ஒருவர் கேட்டால், தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லாமல் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அந்தப் பகலுக்குத் திரும்புகிறேன். ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். வராந்தாவில் அந்தப் பெண்ணின் கணவர் நின்றிருந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் அறுக்கிற இயந்திரம் ஓட்டுகிறவர். நனைந்த துண்டைத் தோளில் போட்டிருந்தார். பாபு என்னைத் தடுத்தான். "டாக்டரு சொல்லிப்பாங்க மேடம். நீங்க போவாதீங்க. அடிச்சிடுவாரு."

போனேன். நான் யார், என்ன செய்தேன், ஏன் இந்த அலைச்சல் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் பாஷை ஒன்றுகூட இல்லாமல் சொன்னேன். அவர் தாடை அசைந்துகொண்டே இருந்தது.

"அப்ப அவளுக்கு ரத்தம் நிக்கும்?"

"நிக்குங்க. அவங்க ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல."

"சிதம்பரத்துல ஒண்ணு சொன்னீங்க. இப்ப இப்டி சொல்றீங்க."

"ஆமாங்க."

கையை ஓங்குவார் என்றுதான் நினைத்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் சொன்னார்: "இத எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? உள்ள வந்து அவகிட்ட சொல்லுங்க. நா சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னுதான் நெனப்பா. வழியெல்லாம் அவ போய்ச் சேர்ந்துட்ட மாதிரியேதான் பேசிகிட்டு வந்தா."

நர்ஸ் இரண்டு நிமிடம் தந்தார். அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பச்சை அங்கி போட்டு, தலைமுடியை இரட்டைப் பின்னலாக்கியிருந்தார்கள். ஒரு வலி போய் அடுத்த வலி வருவதற்கு நடுவிலிருந்த அமைதியில் படுத்திருந்தாள். குனிந்து, மெதுவாக, முழுதாகச் சொன்னேன். உன் ரத்தம் நன்றாக இருக்கிறது. தாள்தான் தப்பு. தாளைத் தப்பாக்கியது நான்.

"அப்ப நா சாவலையா?"

"இல்லம்மா."

அவள் கண் கூரையிலேயே இருந்தது. நிம்மதி வரும் என்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வேறு ஏதோ. ஊசி குத்தாத கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அய்யோ," என்றாள்.

"என்னாம்மா?"

"வழியில இவருகிட்ட ஒண்ணு சொல்லிட்டேங்க்கா. போறப்ப மனசுல வச்சிகிட்டுப் போவக் கூடாதுன்னு... கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லாதது. இப்ப அத எப்டிக்கா திருப்பி எடுக்கறது?"

இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடமாக என்னிடம் எல்லாரும் கேட்ட கேள்வி அது. செய்ததைத் திருப்ப முடியுமா, பழையபடி ஆக்க முடியுமா. முடியும் என்றே எப்போதும் சொல்லியிருக்கிறேன். அன்று காலையில்கூட ஒரே வரியில் ஒரு கம்ப்யூட்டரை ஒன்பது நாள் பின்னால் கொண்டுபோனவள் நான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, விலகியிருந்த போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டேன்.

அவர் கதவோரம் நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் காதுல வுழல. அந்த சைரன் சத்தத்துல யாருக்கு என்னா கேக்கும்?"

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒரு மனிதரை இன்னொரு மனிதர் பார்த்து நான் கண்டதில்லை. அடுத்த வலி ஏறத் தொடங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். என் காது அவள் வாயருகே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வலிக்கு நடுவிலும் உதட்டோரம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு முளைக்க, சொன்னாள்:

"சைரனே போடலக்கா."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவளுடைய பாதத்தை ஒரு கையால் பிடித்தபடி, தியேட்டர் கதவு வரை அவர் கூடவே நடந்தார்.